நாற்பத்தைந்து எழுத்துச் சொல்லும் சுரங்கத்துத் தூசியும்

சென்ற மாதம் ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்து, வழக்கம்போல எதிர்ச்சாரியிலிருந்த தேநீர்க் கடையில் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தோம். பேச்சு அகராதிகளைப் பற்றித் திரும்பியது. நண்பர் ஒருவர், நல்ல வாசகர், எவரையும் புண்படுத்தாத மனிதர், கோப்பையைப் பலகைமேல் வைத்துவிட்டு, மூச்சு விடாமல் ஒரு சொல்லை ஒப்பித்தார்: நியூமோனோஅல்ட்ராமைக்ராஸ்கோபிக்சிலிகோவால்கனோகோனியோசிஸ். ஆங்கிலத்தில் 45 எழுத்துகள். சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். கைதட்டல் தந்த உற்சாகத்தில் விக்கலுக்குச் சிங்குல்டஸ் என்றும், வயிறு கடமுடவென்று இரைவதற்குப் போர்போரிக்மஸ் என்றும், மூக்கிலிருந்து ரத்தம் வடிவதற்கு எபிஸ்டாக்ஸிஸ் என்றும் பட்டியலை நீட்டிக்கொண்டே போனார். நான் கைதட்டவில்லை. பொறாமை என்று ஒருவர் கேலி செய்தார். காரணத்தை அந்தத் தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்க இயலவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அரிய ஆங்கிலச் சொற்களைச் சேர்த்துவைத்து, சமயம் வாய்க்கும்போது எடுத்து வீசுவது நம் இலக்கிய வட்டாரத்தில் நெடுநாளாக இருந்துவரும் பழக்கம். தபால்தலை சேகரிப்பதைப் போன்ற, யாருக்கும் கெடுதல் இல்லாத பொழுதுபோக்கு என்று அதை விட்டுவிடலாம். மற்ற சொற்களைப் பொறுத்தவரை நானும் விட்டுவிடுவேன். மருத்துவச் சொற்களை அப்படி விட என்னால் முடியாது. அவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய உடம்பின்மேல் ஒட்டப்பட்ட சீட்டு. அந்தச் சீட்டில் எழுதியிருப்பதை உடம்புக்குச் சொந்தக்காரர் படித்துப் புரிந்துகொள்ள முடிகிறதா, முடியவில்லை என்றால் அதனால் ஆதாயம் அடைபவர் யார் என்ற கேள்வியைக் கேட்காமல் சொல்லின் நீளத்தை மட்டும் அளந்து வியப்பது மொழியின்மேல் கொண்ட காதல் ஆகாது என்பது என் கட்சி.

நண்பர் ஒப்பித்த அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். பிரித்துப் பார்த்தால் அதில் புதிர் ஏதுமில்லை. நியூமோனோ என்றால் நுரையீரல். அல்ட்ராமைக்ராஸ்கோபிக் என்றால் சாதாரண நுண்ணோக்கிக்கும் அகப்படாத நுண்மை. சிலிகோ, மணலிலும் பாறையிலும் இருக்கும் சிலிகா. வால்கனோ, எரிமலை. கோனி, தூசியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஓசிஸ், நோய்நிலை. ஆக, எரிமலைச் சிலிகாவின் மிக நுண்ணிய தூசியைச் சுவாசிப்பதால் வரும் நுரையீரல் நோய். எந்த மருத்துவரும் இந்தச் சொல்லை நோயாளியின் குறிப்பேட்டில் எழுதுவதில்லை. சிலிகோசிஸ் என்று எழுதுவார்கள். இது மருத்துவமனையில் பிறந்த சொல்லே அல்ல. 1935 பிப்ரவரியில், அமெரிக்காவின் தேசியப் புதிராளர் கழகத்தினர் நியூயார்க்கில் கூடியபோது, அதன் தலைவர் எவரெட் ஸ்மித் என்பவர் ஆங்கிலத்தின் மிக நீளமான சொல் ஒன்றை உண்டாக்கிக் காட்ட வேண்டும் என்பதற்காகவே இட்டுக்கட்டியது. செய்தித்தாளில் வெளிவந்தது, பிறகு அகராதிகளுக்குள்ளும் புகுந்தது.

புதிராளர்கள் சிலிகாத் தூசியை வைத்துச் சொல் விளையாடிய அந்த நாட்களில், அதே அமெரிக்காவில், மேற்கு வர்ஜீனியாவில் காலி பிரிட்ஜ் என்ற ஊரின் சுற்றுவட்டாரத்தில் மனிதர்கள் அந்தத் தூசியால் செத்துக்கொண்டிருந்தார்கள். நியூ ரிவர் என்ற ஆற்றை ஒரு மலையைக் குடைந்து திருப்பி, அதன் விசையால் மின்சாரம் எடுத்து உலோகத் தொழிற்சாலைக்குக் கொடுப்பது திட்டம். ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கம் என்று அதற்குப் பெயர். ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நீளம். 1930இல் வேலை தொடங்கியது. பெருமந்தக் காலம். வேலை தேடித் தெற்கு மாநிலங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள், பெரும்பாலோர் கறுப்பின மக்கள். மலைக்குள் இருந்தது மிகத் தூய சிலிகாப் பாறை. துளையிடும்போது தண்ணீர் தெளித்துக்கொண்டே துளையிட்டால் தூசி படியும். தெளித்தால் வேலை தாமதப்படும். ஆகவே உலர்ந்த பாறையையே துளைத்தார்கள். தொழிலாளர்களுக்கு முகமூடி தரப்படவில்லை. சுரங்கத்திலிருந்து வெளிவருபவர்கள் மாவு மில்லிலிருந்து வருபவர்களைப் போல வெள்ளையாக வந்தார்கள்.

மூச்சு வாங்கி விழுந்தவர்களுக்கு நிறுவனத்தின் மருத்துவர்கள் என்ன நோய் என்று சொன்னார்கள்? நிமோனியா என்றார்கள். பிளூரிசி என்றார்கள். அதற்கும் மேலே போய் ‘டனலைட்டிஸ்’ என்று ஒரு பெயரையும் சொன்னார்கள். டனல் என்றால் சுரங்கம், ஐட்டிஸ் என்றால் அழற்சி. அப்படி ஒரு நோய் உலகத்தில் எந்த மருத்துவ நூலிலும் இல்லை. ஆனால் பாருங்கள், கிரேக்க வால் ஒன்றை ஒட்டிவிட்டவுடன் அதற்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. சிலிகோசிஸ் என்று சொன்னால் தூசி என்று சொன்னதாகும். தூசி என்றால் தண்ணீர் தெளிக்காதவர் யார் என்ற கேள்வி எழும். டனலைட்டிஸ் என்றால் எந்தக் கேள்வியும் எழாது. 1936இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு விசாரித்தபோது 476 பேர் இறந்ததாகக் கணக்குச் சொல்லப்பட்டது. மார்ட்டின் செர்னியாக் என்ற மருத்துவர் 1986இல் வெளியிட்ட நூலில் குறைந்தது 764 பேர் என்று மதிப்பிட்டார். சரியான எண்ணிக்கை இனி யாருக்கும் கிட்டாது. நோயுற்ற பலர் ஊரைவிட்டுப் போய் எங்கெங்கோ இறந்தார்கள்.

ஆக, ஒரே நோய்க்கு ஒரே காலத்தில் இரண்டு புதுச் சொற்கள் பிறந்தன. ஒன்று, சுகமாக அமர்ந்திருந்தவர்களின் நாவன்மைக்காக. மற்றொன்று, செத்துக்கொண்டிருந்தவர்களின் வாயை அடைப்பதற்காக. நாம் முன்னதை மனப்பாடம் செய்திருக்கிறோம். பின்னதை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

இலக்கியவாதிகள் எல்லோருமே அந்தப் புதிராளர்களைப் போல இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மியூரியல் ருக்கைசர் என்ற இளம் கவிஞர் 1936இல் நேரே காலி பிரிட்ஜுக்குப் போனார். விசாரணைக்குழுவின் சாட்சியங்களையும், எக்ஸ்ரே படங்களைப் பற்றிய மருத்துவர்களின் வாக்குமூலத்தையும் எடுத்து, 1938இல் வெளிவந்த தன் தொகுப்பில் ஒரு நெடுங்கவிதை வரிசையாக ஆக்கினார். மருத்துவச் சொல்லை ஓர் எழுத்தாளர் எதற்குப் பயன்படுத்தலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அதுதான். அந்தச் சுரங்கம் எந்த நிறுவனத்துக்காக வெட்டப்பட்டதோ அதன் பெயர் நமக்கும் அந்நியமானதல்ல. யூனியன் கார்பைட். 1984 டிசம்பர் இரவில் போபாலில் கண்ணெரிந்து ஓடிவந்தவர்களை ஏந்திய மருத்துவர்களுக்கும், கசிந்தது எது, அதற்கு மாற்று எது என்ற விவரம் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை.

அயல்நாட்டுக் கதை, பழைய கதை என்று சொல்பவர்களுக்காக என் வீட்டுக் கதையையும் சொல்கிறேன்.

என் தந்தை தஞ்சாவூர்ப் பக்கத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்திரண்டு வயதில் படியேறினால் மூச்சிரைக்க ஆரம்பித்தது. பெரிய நகரத்து மருத்துவமனை ஒன்றில் பத்து நாட்கள் வைத்திருந்து, ஒரு கற்றைக் காகிதங்களோடு அனுப்பினார்கள். முதல் தாளில் ‘இடியோபாதிக் பல்மனரி ஃபைப்ரோசிஸ்’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. எங்களுக்கெல்லாம் ஒரு நிம்மதி. நோய் இன்னதென்று கண்டுபிடித்துவிட்டார்கள், இவ்வளவு பெரிய பெயர் இருக்கிறதென்றால் அதற்கேற்ற மருந்தும் எங்காவது இருக்கத்தானே வேண்டும் என்று நினைத்தோம். அடுத்த மூன்று மாதங்கள் ஊர் ஊராக அலைந்தோம். செலவுக்கு ஊரிலிருந்த இரண்டு மா நிலத்தை விற்க ஆள் பார்த்தாயிற்று. போன இடங்களிலெல்லாம் அதே பெயரைப் பார்த்துத் தலையசைத்தார்களே தவிர, அது என்னவென்று ஒருவரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. கேட்க எங்களுக்கும் தோன்றவில்லை. கேட்டால் நம் அறியாமை தெரிந்துவிடுமே என்ற கூச்சம்.

ஒரு நாள் மாலை, அப்பா தன் பழைய அகராதியைக் கேட்டு வாங்கினார். ஆசிரியர் அல்லவா, சிவப்புப் பென்சிலால் அந்தத் தாளில் முதல் சொல்லை அடிக்கோடிட்டு, பக்கங்களைப் புரட்டினார். வெகுநேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். “தம்பி, இதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? காரணம் தெரியலைன்னு அர்த்தமாம். அதைத்தான் இவ்வளவு அழகா எழுதியிருக்கான்” என்றார். சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று. மறுநாள் நிலத்தரகரை வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

காரணம் அறியப்படாமல் நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய். இறுகுவதை மெதுவாக்க மருந்துகள் உண்டு, இறுகியதை மீட்க மருந்து கிடையாது. இந்த வயதில் பலருக்கு மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகள். இதைத் தமிழில் சொல்ல மூன்று வாக்கியங்கள் போதும். அந்த மூன்று வாக்கியங்களுக்கு நாங்கள் மூன்று மாதங்கள் காத்திருந்தோம். தெரியாது என்று ஒப்புக்கொள்வதில் மருத்துவத்துக்கு இழுக்கு ஏதுமில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோலத் தோன்றும்படி எழுதுவதுதான் இழுக்கு. அப்பா அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் இருந்தார். என்ன வருகிறது என்று தெரிந்துகொண்டு இருந்தார். பார்க்க வேண்டியவர்களைப் பார்த்தார், கொடுக்க வேண்டிய புத்தகங்களை உரியவர்களிடம் கொடுத்தார். அந்த அகராதி மட்டும் என்னிடம் இருக்கிறது.

இப்படிப்பட்ட சொற்கள் வெறுமனே மறைப்பதோடு நிற்பதில்லை, சில சமயம் மருத்துவர்களையே ஏமாற்றிவிடுகின்றன. ரத்த அழுத்தம் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வருவதை ‘எசன்ஷியல் ஹைப்பர்டென்ஷன்’ என்பார்கள். வேறு காரணம் தெரியாமல் தானாகவே உண்டாவது என்பதே அங்கு அதன் பொருள். அன்றாட ஆங்கிலத்திலோ எசன்ஷியல் என்றால் இன்றியமையாதது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் புகழ்பெற்ற மருத்துவர்கள் பலரே, இறுகிய குழாய்களில் ரத்தத்தைச் செலுத்த இந்தக் கூடுதல் அழுத்தம் தேவைதான், அதைக் குறைப்பது ஆபத்து என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு அந்தப் பெயர் வசதியான துணையாக நின்றது. குறைத்தால் பக்கவாதமும் மரணமும் குறைகின்றன என்பதை அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு ஐயமறக் காட்டியது 1967இல்தான்.

‘அயட்ரோஜெனிக்’ என்று இன்னொரு சொல். நம் சேகரிப்பாளர்களுக்கு மிகவும் பிடித்தமானது. அயட்ரோஸ் என்றால் கிரேக்கத்தில் வைத்தியர். வைத்தியரால் விளைந்தது என்று பொருள். தொடக்கத்தில், மருத்துவர் வாய்தவறிச் சொன்ன பேச்சால் நோயாளியின் மனத்தில் உண்டாகும் கோளாற்றைத்தான் இது குறித்ததாம். இன்று மருந்தின், அறுவையின், கவனக்குறைவின் விளைவுகள் அனைத்தையும் குறிக்கிறது. “எங்கள் கையால் வந்தது” என்று நோயாளியின் மனைவியிடம் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அயட்ரோஜெனிக் என்று கோப்பில் எழுத எந்தத் துணிச்சலும் வேண்டாம். 1847இல் வியன்னாவில், பிரசவித்த பெண்களைக் கொன்ற காய்ச்சலுக்குக் காரணம் பிணவறையிலிருந்து கழுவாத கைகளோடு வந்த மருத்துவர்களே என்று செம்மல்வைஸ் காட்டினார். கை கழுவச் செய்தபின், ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு ஜூனில் இரண்டாக இறங்கியது. அதுவரை அந்த மரணங்களுக்கு வளிமண்டலத்தின், அண்டத்தின், பூமியின் தாக்கங்கள் என்று பிரமாதமான பெயர்கள் இருந்தன. கைக்கு மட்டும் பெயர் இல்லை.

இனி, எதிர்பார்க்கக்கூடிய மறுப்புகளுக்கு வருகிறேன்.

கலைச்சொல் இல்லாமல் அறிவியல் இயங்குமா என்று கேட்பார்கள். இயங்காது. படுத்தால் மட்டும் வரும் மூச்சுத்திணறலுக்கு ஆர்தாப்னியா என்று ஒரே சொல் இருப்பதால், இரவுப் பணியிலிருக்கும் மருத்துவர் அடுத்தவருக்கு நோயாளியின் இதய நிலையை நொடியில் உணர்த்திவிட முடிகிறது. அந்தச் சுருக்கெழுத்து உயிர் காப்பது. மருத்துவர்கள் தங்களுக்குள் எந்த மொழியிலும் பேசிக்கொள்ளட்டும். திரும்பி நோயாளியைப் பார்க்கும்போது அதே சொல்லோடு திரும்பக்கூடாது என்பதுதான் கோரிக்கை.

அப்படியானால் எல்லாவற்றையும் தூய தமிழாக்கிவிடலாமே என்று வேறு சிலர் கிளம்புவார்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. விளங்காத கிரேக்கத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் விளங்காத தமிழை வைத்தால் நோயாளிக்கு என்ன கிடைத்தது? மொழி மாறியது, மதில் அப்படியே இருக்கிறது. இந்த விஷயத்தில் நம் முன்னோடி யாழ்ப்பாணத்தில் இருந்தார். 1847இல் அங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசு உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள், கிராமத்தில் நோயாளி அப்படியே கிடக்கிறார் என்று கண்டபின் தமிழுக்கு மாறினார். ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ போன்ற நூல்கள் அப்படி வந்தவை. அவருடைய சொல்லாக்கங்களில் பல இன்று வழக்கில் இல்லை, சில விசித்திரமாகவும் ஒலிக்கின்றன. ஆனால் அவர் கணக்கு சரியானது: நோயாளி இருக்கும் இடத்துக்கு மருத்துவம் போக வேண்டும் என்றால் நோயாளியின் மொழி வழியாகத்தான் போக முடியும்.

பெயரை மாற்றினால் நோய் மாறிவிடுமா என்பது மூன்றாவது கேள்வி. மாறாது. நோயாளியிடம் பேசுவது மாறும். ஸ்கிட்ஸோஃப்ரேனியா என்ற மனநோய்க்கு ஜப்பானியத்தில் ‘மனம் பிளந்த நோய்’ என்ற பொருளில் ஒரு பெயர் நெடுங்காலம் இருந்தது. அந்தப் பெயரின் கொடுமையால் மருத்துவர்களே அதை நோயாளியிடம் சொல்லாமல் தவிர்த்தார்கள். நோயாளிகளின் குடும்பத்தார் ஆண்டுக்கணக்கில் வலியுறுத்தியபின், 2002இல் ஜப்பானிய மனநல மருத்துவர்களின் சங்கம் அதை ‘ஒருங்கிணைவு குலைந்த நிலை’ என்ற பொருள்தரும் பெயராக மாற்றியது. மாற்றத்துக்கு முன் நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான் தன் நோயின் பெயர் சொல்லப்பட்டிருந்தது. இரண்டே ஆண்டுகளில் அது மூன்றில் இருவர் என்ற அளவுக்கு உயர்ந்தது. இதற்குப் பெயர் மொழிச் சீர்திருத்தம் என்றால், நான் அதற்கு ஆதரவு.

கடைசியாக, தொடங்கிய தூசிக்கே திரும்பி வருகிறேன். இந்தியாவில் கல் உடைக்கும், குவார்ட்ஸ் அரைக்கும், சிலேட்டுப் பலகைக்குக் குச்சி அறுக்கும் தொழிலாளர்கள் இருமிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனால் பல நேரம் எழுதப்படுவது காசநோய். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒத்துத் தெரியலாம், சிலிகோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோய் எளிதில் வரவும் செய்யும் என்பதும் உண்மை. ஆனாலும் இரண்டு சொற்களுக்கும் நடுவே ஒரு குடும்பத்தின் கதியே இருக்கிறது. காசநோய் என்றால் அது கிருமியின் குற்றம். சிலிகோசிஸ் என்றால் அது வேலையிடத்தின் குற்றம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சிலிகோசிஸை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. ராஜஸ்தான் அரசு 2019இல் வகுத்த கொள்கையின்படி, சிலிகோசிஸ் என்று சான்று பெற்றவருக்குத்தான் உதவித்தொகை. நவீன சமையலறை மேடைகளுக்கான செயற்கைக் கல்லை அறுப்பவர்கள் இளவயதிலேயே இந்த நோயால் விழுவதைக் கண்டு, ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் அந்தக் கல்லையே தடைசெய்தது. அங்கே சரியான சொல் சரியான தாளில் எழுதப்பட்டது, ஆகவே தடை வந்தது.

தேநீர்க் கடை நண்பரிடம் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அவருடைய நினைவாற்றலில் எனக்கு மதிப்பு உண்டு. ஒரு வேண்டுகோள்தான். 45 எழுத்துகளை மனத்தில் வைத்திருக்க முடிகிறவர், அடுத்த முறை உறவினர் யாராவது மருத்துவமனையிலிருந்து ஒரு தாளோடு வந்து நின்றால், அதிலுள்ள சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவருக்குப் புரியும் தமிழில் சொல்லட்டும். தெரியாததைக் குறித்துக்கொண்டு, அவரோடு மருத்துவரிடம் போய், “ஐயா, இதற்கு என்ன அர்த்தம்?” என்று கூச்சமில்லாமல் கேட்கட்டும். என் தந்தைக்காக நான் அதைச் செய்யவில்லை. படித்தவன், பத்திரிகையில் எழுதுகிறவன், நான் கேட்கவில்லை. மூச்சிரைக்க இரைக்க அவரே பக்கம் புரட்ட வேண்டியிருந்தது.